வேலைத்தலத்தின் காலநிலையை அளத்தல்

ஓர் அறையின் வெப்பத்தை அறிதற்கு வெப்பமானி உண்டு. காற்றின் ஈரத்தையும் மழையின் அளவையும் அறிதற்கும் கருவிகள் உண்டு. ஆனால் ஒரு தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ நாள்தோறும் பணிபுரிவோர் உணர்கின்ற இன்னொன்று உளது. மேற்பார்வையாளர் வரும் காலடி ஓசை கேட்டதும் அங்கே பேச்சு நின்றுவிடுகின்றதா, அன்றித் தொடர்கின்றதா? இயந்திரம் பழுதடைந்தால் அதனைத் துணிந்து அறிவிக்கின்றனரா, அன்றி மறைத்துவிடுகின்றனரா? புதிதாக வந்து சேர்ந்தவருக்கு வேலையைக் கற்றுக்கொடுப்பார் உளரா, அன்றி அவர் தட்டுத் தடுமாறுவதைப் பார்த்து நகைப்பார் மாத்திரமே உளரா? இவை யாவும் ஒன்றுசேர்ந்து உண்டாகும் நிலையையே உளநூலார் வேலைத்தலத்தின் காலநிலை என வழங்குவர். அதனை அளக்க முடியுமா என்பதும், அளந்தால் அளவு யாருக்குப் பயன்படும் என்பதும் இப்பேச்சின் பொருள்.

வானிலை வேறு, காலநிலை வேறு என்பதை நேயர்கள் அறிவர். ஒரு நாட் பெய்த மழை வானிலை. இன்ன மாதத்தில் மழை வரும் என உழவன் நம்பி விதைக்கின்றானே, அந்த ஒழுங்கு காலநிலை. வேலைத்தலத்திலும் அவ்வாறே. மேற்பார்வையாளர் ஒருவர் ஒரு நாட் காலையிற் கடிந்து பேசிவிட்டமை வானிலை. கடிந்து பேசுவதே இவ்விடத்து முறை என்று ஊழியர் யாவரும் எண்ணி, அதற்கேற்பத் தம்மை ஒடுக்கிக்கொள்வது காலநிலை. நிறுவனத்தின் விதிகள் கடதாசியில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன என்பதன்று இங்கு வினா. ஊழியர் அவற்றை எவ்வாறு காண்கின்றனர் என்பதே வினா. ஏனெனில் மனிதர் தாம் கண்டவாறே நடக்கின்றனர். முறைப்பாடு செய்வோருக்கு எத்தீங்கும் நேராது என்று விதி கூறலாம். நேரும் என்று ஊழியர் நம்பினால், முறைப்பாடு ஒன்றும் வராது. முறைப்பாடு வராமையைக் கண்டு முகாமையாளர் மகிழ்ந்திருப்பர்.

இதனை அளக்கும் முயற்சிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் மிகப் பெரும் பகுதி அமெரிக்காவிலே சிக்காகோ நகரத்தின் அயலில், சிசரோ என்னும் ஊரில் இருந்த ஒரு தொழிற்சாலையில் நிகழ்ந்தது. வெஸ்டேண் இலெக்றிக் கம்பனியின் ஹோதோண் தொழிற்சாலை என்பது அதன் பெயர். தொலைபேசிக் கருவிகளை ஆக்கிய அத்தொழிற்சாலையில், அதன் உச்சக் காலத்தில், நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் பணிபுரிந்தனர். சொந்தமாக மருத்துவமனையும் சிற்றுண்டிச்சாலைகளும் உடைய ஒரு சிறு நகரம் போன்றது அது.

1924 ஆம் ஆண்டில் அங்கு தொடங்கிய ஆராய்ச்சி மனிதரைப் பற்றியதன்று, வெளிச்சத்தைப் பற்றியது. மின்குமிழ்களின் ஒளியைக் கூட்டினால் வேலை கூடுமா என்பதை அறிய விரும்பினர். ஒளியைக் கூட்டியபோது வேலை கூடியது. ஒளி மாற்றப்படாத ஒப்பீட்டுக் குழுவிலும் வேலை கூடியது. பின்னர் ஒளியைக் குறைத்துப் பார்த்தனர். அப்பொழுதும் வேலை குறையவில்லை. ஈற்றில் நிலவொளியின் அளவே உள்ள வெளிச்சத்தில் இரு பெண்கள் முன்போலவே வேலை செய்து காட்டினர். மின்குமிழ் வியாபாரிகளுக்கு இதனால் மகிழ்ச்சி உண்டாகியிராது. ஆயினும், வேலை செய்பவர் சூழலை எவ்வாறு உணர்கின்றார் என்னும் ஒரு காரணி, இயந்திரத்துக்கும் விளக்குக்கும் அப்பால் உளது என்னும் ஐயம் அங்கே பிறந்தது.

1927 ஆம் ஆண்டில் ஐந்து பெண்களைத் தனியறை ஒன்றில் அமர்த்தி, இடை ஓய்வு, வேலை நேரம் முதலியவற்றை மாற்றி மாற்றிச் சோதித்தனர். அவர்தம் ஆக்கம் உயர்ந்து சென்றது. அவதானிக்கப்படுவதாலேயே மனிதர் மாறுகின்றனர் என்னும் கருத்துக்கு ஹோதோண் விளைவு எனப் பிற்காலத்தார் பெயரிட்டனர். பாடசாலைப் பரிசோதகர் வரும் நாளில் வகுப்பறை எவ்வாறிருக்கும் என்பதை அறிந்தோர்க்கு இது புதுமையன்று. ஆனால் இந்த அறையின் கதையை அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிட்டனர் என்றே கூறல் வேண்டும். மிகுதியாகப் பேசிக்கொண்டிருந்தனர் என்னும் காரணத்தால் இரு பெண்கள் 1928 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அறையிலிருந்து நீக்கப்பட்டு, வேறிருவர் அமர்த்தப்பட்டனர். கூலி கணக்கிடும் முறையும் மாற்றப்பட்டது. முன்பு பெரிய பிரிவொன்றின் ஆக்கத்தைப் பொறுத்திருந்த கூலி, இப்பொழுது அச்சிறு குழுவின் ஆக்கத்தையே பொறுத்திருந்தது. பிற்காலத்து ஆய்வாளர் பலர் இவற்றைச் சுட்டிக்காட்டி, முடிவுகளை மறுத்தும் திருத்தியும் எழுதியுள்ளனர்.

இத்துணைப் புகழ் பெறாத ஒன்று, இப்பொருளுக்கு இதனினும் முக்கியமானது. 1928 ஆம் ஆண்டு செப்ரெம்பரில், ஊழியரையே நேரிற் கண்டு கேட்பது என்று கம்பனி முடிவு செய்தது. முதலிற் பரிசோதனைப் பிரிவைச் சேர்ந்த 1,600 பேரைக் கண்டனர். மேற்பார்வையாளருக்குப் பயிற்சி அளிப்பதற்கு வேண்டிய செய்திகளைத் திரட்டுவதே நோக்கம். அதனாற் பயன் உண்டு எனக் கண்டு, ஏனைய பிரிவுகளுக்கும் விரித்தனர். 1930 ஆம் ஆண்டு முடிவதற்குள் 21,126 பேர் தம் மனத்திலிருந்ததைக் கூறிவிட்டனர். ஊழியரின் பெயர் வெளிப்படாது காக்கப்பட்டது. உலகத்திலே அதற்கு முன்னர் இத்துணை ஊழியரிடம், உன் வேலையைப் பற்றி நீ யாது நினைக்கின்றாய் என்று எந்த முதலாளியும் கேட்டதில்லை எனலாம்.

தொடக்கத்திற் கேள்விகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தன. மேற்பார்வையாளர் எத்தகையவர், வேலை பிடித்திருக்கின்றதா, காற்றும் வெளிச்சமும் போதுமா என்பன போன்றவை அவை. ஆனால் ஒரு தொல்லை உண்டாயிற்று. கேட்டதற்கு விடை கூறாது ஊழியர் வேறொன்றைப் பேசினர். காற்றோட்டத்தைப் பற்றிக் கேட்டால், பக்கத்து ஊழியருக்குக் கிடைத்த பதவி உயர்வைப் பற்றிக் கூறினர். பேட்டி காண்போர் அவர்களைத் தடுத்து மீண்டும் காற்றோட்டத்துக்கு இழுத்து வருவர். அவர்கள் மீண்டும் நழுவிச் செல்வர். 1929 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ஆராய்ச்சியாளர் தம் முறையை மாற்றினர். ஊழியர் எதைப் பேச விரும்புகின்றாரோ அதையே பேசட்டும். பேட்டி காண்பவர் வாதிடவும் வேண்டாம், அறிவுரை கூறவும் வேண்டாம், செவிமடுத்தால் மட்டும் போதும் என முடிவாயிற்று. அரைமணி நேரத்தில் முடிந்த உரையாடல் ஒன்றரை மணி நேரமாக நீண்டது. இரண்டரைப் பக்கத்தில் அடங்கிய குறிப்பு பத்துப் பக்கமாயிற்று.

இம்மாற்றத்தின் பெறுமதியை ஒரு கதை விளக்கும். கூலி குறைவு என்று முறையிட்டார் ஓர் ஊழியர். பழைய முறையில் இது "கூலி பற்றிய முறைப்பாடு, ஒன்று" எனக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். அவரைப் பேசவிட்டபோது, அவர் மனைவி மருத்துவமனையில் இருப்பதும், மருத்துவருக்குக் கொடுக்க வேண்டிய தொகையை எண்ணி அவர் கலங்கியிருப்பதும் வெளிவந்தன. கூலி உண்மையிற் குறைவோ அன்றோ, அது வேறு வினா. மனைவி நோயுறுவதற்கு முன்னர் அதே கூலி அவருக்குப் போதுமானதாகத் தோன்றியிருக்கலாம். இன்னொரு பெண் தன் மேற்பார்வையாளரைக் கண்ணாற் காணவும் வெறுத்தார். அவர் பேசிக்கொண்டு செல்லும்போது தாமே ஒன்றைக் கண்டுகொண்டார்: தாம் வெறுத்த மாற்றாந்தகப்பனின் சாயல் அம்மேற்பார்வையாளரின் முகத்தில் இருப்பதாக அவருக்குத் தோன்றியிருந்தது. சிற்றுண்டிச்சாலை உணவைக் குறைகூறிய வேறொரு பெண், சில நாட்களின் பின்னர்ப் பேட்டி கண்டவரைச் சந்தித்து, உணவைத் திருத்தியமைக்கு நன்றி கூறினாராம். உணவில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை.

இக்கதைகளிலிருந்து ஆராய்ச்சியாளர் முறைப்பாடுகளை மூவகையாகப் பிரித்தனர். கண்ணாற் கண்டும் கையாற் தொட்டும் சரிபார்க்கக்கூடியவை ஒரு வகை. கதவு உடைந்துள்ளது என்பது அத்தகையது. ஒருவர் உடம்பு உணர்வதைப் பொறுத்தவை இரண்டாவது வகை. அறை மிக வெப்பமானது என்பது அத்தகையது. மலைநாட்டிற் பழகியவருக்கும் வெப்பநாட்டிற் பழகியவருக்கும் ஒரே காற்று ஒரே குளிராக இருப்பதில்லை. நம்பிக்கையும் அச்சமும் நீதி உணர்ச்சியும் கலந்தவை மூன்றாவது வகை; இத்தனை ஆண்டு சேவைக்கு இதுதானா மதிப்பு என்பது அத்தகையது. முதல் வகையைத் தச்சனைக் கொண்டு தீர்த்துவிடலாம். மூன்றாவது வகைக்குத் தச்சன் இல்லை.

ஆயினும் இந்த மூன்றாவது வகையைக் கையாண்ட விதத்தில் ஒரு கோணல் இருந்ததென்பதைச் சொல்லாமல் விடுதல் தகாது. ஹாவாட் பல்கலைக்கழகத்திலிருந்து இவ்வாராய்ச்சிக்கு வழிகாட்டிய எல்ற்றன் மேயோ என்னும் அவுஸ்திரேலியரும் அவர்தம் துணைவரும், ஊழியரின் மனக்குறைகளை அவர்தம் சொந்த வாழ்வின் துன்பங்களிலேயே தேடும் போக்கினர். மனைவியின் நோயைக் கண்டறிந்துவிட்டால், கூலி போதுமா என்னும் வினா மறைந்துவிடுமா? தொழிற்சங்கத்தார் இதனையே கேட்டனர். பேசவிட்டுப் பாரத்தைக் குறைப்பது ஒன்று. பாரத்துக்குக் காரணமானதை நீக்குவது மற்றொன்று. பொருளாதாரப் பெருமந்தம் வந்து ஆட்களைக் குறைக்க நேர்ந்தபோது, 1931 ஆம் ஆண்டளவிற் பேட்டித் திட்டம் நிறுத்தப்பட்டது. 1936 ஆம் ஆண்டில் அதன் வழித்தோன்றலாக ஊழியருக்கு ஆலோசகரை நியமிக்கும் திட்டம் ஒன்று தொடங்கி, இருபது ஆண்டுகள் வரை நடைபெற்றது. அவ்வாலோசகர்கள் கேட்டவற்றை வெளியிடவுங் கூடாது. அவற்றை ஆதாரமாகக் கொண்டு எதனையும் மாற்றவும் அவர்களுக்கு அதிகாரமில்லை.

பேட்டி முறைக்கு வேறொரு குறையும் உண்டு. 21,126 உரையாடல்களை ஒருவர் எவ்வாறு படித்து முடிப்பது? பதினாயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து, இவ்வாண்டு சென்ற ஆண்டினும் நன்றா, இப்பிரிவு அப்பிரிவினும் நன்றா என்று எவ்வாறு கூறுவது? ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எண் வேண்டும்.

எண்ணுக்கு வழி காட்டியவர் றென்சிஸ் லிக்கேட் என்பவர். மனப்பாங்கை அளக்க முடியும் என்று சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேஸ்ற்றன் 1928 ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். ஆனால் அவர் முறை கடினமானது. ஒவ்வொரு கூற்றும் எவ்வளவு சாதகமானது என நிறுத்துக் கூறுவதற்கு ஒரு நடுவர் கூட்டமே வேண்டும். லிக்கேட் 1932 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் எளிய வழி ஒன்றைக் காட்டினார். ஒரு கூற்றை எழுதி, அதன் கீழ் ஐந்து படிகளை அமைத்தல்: முற்றும் உடன்படல், உடன்படல், துணிய இயலாமை, உடன்படாமை, சற்றும் உடன்படாமை. ஒவ்வொரு படிக்கும் 5 முதல் 1 வரை எண் இட்டுக் கூட்டினால் நடுவர் தேவையில்லை. முடிவோ தேஸ்ற்றன் முறையின் முடிவுடன் பெரிதும் ஒத்திருந்தது. இன்று உலகிற் பல நிறுவனங்களின் வினாக்கொத்துகளில் இந்த ஐந்து படிகளைக் காணலாம்.

கூற்றை எழுதுவது எளிதெனத் தோன்றும். அதுவே மிகக் கடினமான பகுதி. "மேற்பார்வையாளர் நேர்மையும் திறமையும் உடையவர்" என எழுதினால், நேர்மையுண்டு திறமையில்லை எனக் கருதுபவர் எந்தப் படியிற் புள்ளடி இடுவார்? ஒரு கூற்றில் ஒரு பொருளே அடங்க வேண்டும். இன்னும், எதனைக் கேட்டாலும் ஆம் என்று கூறும் இயல்பினர் எங்கும் உளர். மேலிடத்திலிருந்து வந்த கடதாசி என்றால் அவ்வியல்பு இரட்டிக்கும். ஆதலால், "இங்கு தவறு செய்தவரைப் பலர் முன்னிலையில் இகழ்வர்" என்பது போன்ற எதிர்மறைக் கூற்றுகளையும் இடையிடையே கலந்து, அவற்றின் எண்களைத் தலைகீழாக மாற்றிக் கூட்டுவர். இரண்டுக்கும் ஒருவர் முற்றும் உடன்பட்டிருந்தால், அவர் கடதாசியைப் படிக்கவில்லை, அல்லது அஞ்சியிருக்கின்றார் என்று கொள்ளலாம்.

அச்சம் என்பது இங்கே பெரிய பொருள். பெயர் எழுத வேண்டாம் என்று வினாக்கொத்தின் தலைப்பிற் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பர். அடுத்த பக்கத்திற் பிரிவு யாது, வயது யாது, ஆணா பெண்ணா, எத்தனை ஆண்டு சேவை என்று கேட்பர். நால்வர் பணிபுரியும் பிரிவில் ஐம்பது வயதுப் பெண் ஒருவரே இருந்தால், அவர் பெயரை வேறு எழுதவும் வேண்டுமா? இதனை ஊழியர் உடனே உணர்ந்துகொள்வர். உணர்ந்தபின் எல்லாக் கூற்றுக்கும் நடுப்படியிற் புள்ளடி இட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவர். ஆகவேதான் செம்மையாக நடத்தப்படும் அளவீடுகளில், ஐவர்க்கோ பதின்மர்க்கோ குறைந்த குழுவின் முடிவைத் தனித்து வெளியிடுவதில்லை. கடதாசிகளும் நிறுவனத்தின் கைக்குச் செல்லாது வெளியார் கைக்கே செல்லும். விடை தராதோர் எத்தனை பேர் என்பதையும் கவனித்தல் வேண்டும். பாதிப்பேர் விடை தராத பிரிவில், விடை தந்த பாதியின் சராசரியைக் கண்டு மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. அம்மௌனமும் ஒரு விடையே.

காலநிலை என்னும் சொல் இத்துறைக்கு வந்த கதை சுவையானது. ஹிற்லர் ஆட்சிக்கு வந்த 1933 ஆம் ஆண்டில் ஜேர்மனியை நீங்கி அமெரிக்கா சென்ற கேட் லெவின் என்னும் யூத உளநூலறிஞர், ஐயோவா மாநிலத்தில், தம் துணைவர் லிப்பிற், வைற் ஆகியோருடன், பத்து வயதளவான சிறுவர் கழகங்களை அமைத்துச் சோதித்தார். முகமூடி செய்தல் முதலிய கைவேலைகளில் ஈடுபட்ட அச்சிறுவர்க்கு, எல்லாவற்றையும் தாமே கட்டளையிடும் தலைவர் ஒரு வகை, கலந்து முடிவெடுக்கும் தலைவர் ஒரு வகை, தலையிடாது விட்டுவிடும் தலைவர் ஒரு வகை என மாற்றி மாற்றி அமைத்தனர். கட்டளைத் தலைவர் அறையில் இருக்கும்வரை வேலை சிறப்பாக நடந்தது. அவர் வெளியே சென்றதும் நின்றது. கலந்து பேசும் தலைவர் வெளியே சென்ற பின்னரும் வேலை தொடர்ந்தது. 1939 ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் கட்டுரை, இவற்றைச் சமூகக் காலநிலைகள் எனக் குறிப்பிட்டது. சர்வாதிகாரத்திலிருந்து தப்பி வந்த ஒருவர் இத்தகைய சோதனையை ஏன் செய்தார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். மனநிறைவு வேறு, காலநிலை வேறு. "என் வேலை எனக்குப் பிடித்திருக்கின்றது" என்பது மனநிறைவு. அது பேசுபவரைப் பற்றியது. "இங்கு புதிய யோசனை கூறுவோருக்கு மதிப்பு உண்டு" என்பது காலநிலை. அது இடத்தைப் பற்றியது. இடத்தைப் பற்றியதாயின், அவ்விடத்திலுள்ள பலரும் ஏறத்தாழ ஒத்த விடை தர வேண்டும். பதின்மர் உள்ள பிரிவிற் பதின்மரும் 3 என்று குறித்தால் சராசரி 3. ஐவர் 1 என்றும் ஐவர் 5 என்றும் குறித்தாலும் சராசரி 3 தான். முதலாவது பிரிவுக்கு ஒரு காலநிலை உண்டு. இரண்டாவதற்கு இரண்டு உண்டு. பகல் வேலையினர்க்கு ஒன்று, இரவு வேலையினர்க்கு ஒன்றாக இருக்கலாம், அல்லது மேற்பார்வையாளருக்கு வேண்டியவர்க்கு ஒன்று, வேண்டாதவர்க்கு ஒன்றாக இருக்கலாம். சராசரியை மாத்திரம் பார்ப்பவர் இவ்விரு பிரிவையும் ஒன்றெனவே எழுதிவிடுவார். ஆதலாற் பிற்காலத்து ஆய்வாளர், சராசரியைக் கணிக்குமுன் விடைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதைக் கணித்தல் வேண்டும் என வலியுறுத்தினர்.

ஊழியர் மனம் நிறைந்திருந்தால் ஆக்கம் தானே பெருகும் என்று பல முதலாளிகள் எதிர்பார்த்தனர். லிக்கேட் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அமைத்த ஆராய்ச்சிக் குழுவினர், 1947 ஆம் ஆண்டில் நியூவாக் நகரத்துக் காப்புறுதிக் கம்பனி ஒன்றின் எழுதுவினைஞர் பகுதிகளை ஆராய்ந்து, அவ்வெதிர்பார்ப்பைப் பொய்யாக்கினர். கூடிய வேலை முடித்த பகுதியினர், குறைந்த வேலை முடித்த பகுதியினரினும் கம்பனியைப் பற்றிக் கூடிய மனநிறைவு உடையோராக இருக்கவில்லை. வேறுபாடு மேற்பார்வையாளரிடத்தே இருந்தது. கூடிய வேலை முடித்த பகுதிகளின் மேற்பார்வையாளர், வேலையை மாத்திரமன்றி வேலை செய்பவரையும் கருத்திற் கொண்டவராயிருந்தனர்; எந்நேரமும் தோளின் மேலாக எட்டிப் பார்க்கும் வழக்கம் அவர்களிடம் குறைவு.

அளவீட்டின் பயன் ஆக்கத்தோடு முடிவதில்லை. உயிரையும் உறுப்பையும் பற்றியதாகவும் அது அமைவதுண்டு. இஸ்ரவேல் நாட்டைச் சேர்ந்த டோவ் சோஹார் என்பவர், உலோகம், உணவு, இரசாயனம், புடவை ஆகிய கைத்தொழில்களைச் சேர்ந்த 20 தொழிற்சாலைகளில், தொழிற்சாலைக்கு 20 பேராக 400 தொழிலாளரிடம், 40 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்தைக் கொடுத்தார். 1980 ஆம் ஆண்டில் அவ்வாய்வு வெளிவந்தது. பாதுகாப்பு விதிகள் சுவரில் ஒட்டப்பட்டுள்ளனவா என்று அவர் கேட்கவில்லை. முகாமையாளர் பாதுகாப்பை உண்மையாகவே பொருட்படுத்துகின்றனரா, வேலை அவசரமானபோது பாதுகாப்பு கைவிடப்படுகின்றதா, கவனமாக வேலை செய்பவருக்குப் பதவி உயர்வு கிடைக்கின்றதா என்பன போன்றவற்றையே தொழிலாளர் கண்ணிற் பட்டவாறு கேட்டறிந்தார். பின்னர், பயிற்சி பெற்ற பாதுகாப்புப் பரிசோதகர்களிடம் அத்தொழிற்சாலைகளைத் தரப்படுத்துமாறு வேண்டினார். தொழிலாளரின் விடைகளும் பரிசோதகரின் மதிப்பீடும் பெரிதும் பொருந்தின.

இதன் பொருளை ஆழ்ந்து நோக்குதல் தகும். பரிசோதகர் கற்றறிந்த வல்லுநர். தொழிலாளரோ இயந்திரத்தின் முன் நிற்பவர். முகாமையாளர் யாது கூறுகின்றார் என்பதையன்றி, அவசர வேளையில் யாது செய்கின்றார் என்பதைத் தொழிலாளர் நாள்தோறும் கண்டு குறித்துக்கொள்கின்றனர். காப்புக் கவசத்தைக் கழற்றிவிட்டு விரைந்து வேலை முடித்தவனைத் தட்டிக்கொடுத்த ஒரு கை, சுவரில் ஒட்டிய பத்து அறிவித்தல்களினும் தெளிவாகப் பேசும். விரல் போன பின்னர்க் கணக்கெடுப்பது விபத்துப் புள்ளிவிபரம். விரல் இருக்கும்போதே கணக்கெடுக்க முடியும் என்பதே சோஹார் காட்டிய வழியின் சிறப்பு. அவருக்குப் பின் பல நாட்டுச் சுரங்கங்களிலும் மருத்துவமனைகளிலும் இம்முறை கையாளப்பட்டு வருகின்றது.

இனி, அளந்த பின் யாது செய்வது என்னும் வினா எஞ்சுகின்றது. பல நிறுவனங்களில் அளவீட்டின் கதை இவ்வாறு முடிகின்றது: வினாக்கொத்து வருகின்றது, ஊழியர் புள்ளடி இடுகின்றனர், அழகிய கட்டமைப்புடன் அறிக்கை ஒன்று மேலிடத்து அலுமாரியிற் சென்று உறங்குகின்றது. அடுத்த ஆண்டு மீண்டும் வினாக்கொத்து வருகின்றது. கேட்டுவிட்டுச் செய்யாமலிருப்பது, கேளாமலிருப்பதினும் தீயது. கேளாதபோது, மேலிடத்தாருக்குத் தெரியாது போலும் என ஊழியர் தம்மைத் தேற்றிக்கொள்ளலாம். கேட்ட பின்னர் அவ்வாறு தேற்றிக்கொள்ள வழியில்லை.

மிச்சிகன் குழுவைச் சேர்ந்த புளொயிட் மான் என்பவர் இதனைச் சோதித்தே பார்த்தார். டெற்றோயிற் எடிசன் என்னும் மின்சாரக் கம்பனியில் 1948 ஆம் ஆண்டில் ஊழியர் கருத்துகள் திரட்டப்பட்டன. 1950 ஆம் ஆண்டில் மீண்டும் திரட்டப்பட்டன. அதன் பின்னர்க் கணக்குப் பிரிவுகளுள் நான்கில், முடிவுகளை அந்தந்தப் பிரிவினரிடமே திருப்பிக் கொடுத்தனர். முதலிற் பிரிவுத் தலைவரும் அவருக்கு அடுத்தவரும், பின்னர் மேற்பார்வையாளரும் அவர்கீழ்ப் பணிபுரிவோரும் எனப் படிப்படியாகக் கூடியிருந்து, இந்த எண் ஏன் இவ்வாறு வந்தது, இதற்கு யாது செய்யலாம் என்று தம்முட் பேசினர். ஆராய்ச்சியாளர் தீர்ப்பு எதுவும் கூறவில்லை. எண்களைக் கொணர்ந்து மேசையில் வைத்ததே அவர் பணி. அவற்றுக்குப் பொருள் கூறியவர் அவற்றைத் தந்த ஊழியரே. வேறு இரு பிரிவுகளில் இத்தகைய கூட்டங்கள் நடைபெறவில்லை. வழக்கமான முறையில் விடப்பட்டன.

ஒன்றரை ஆண்டின் பின்னர் ஆறு பிரிவுகளிலும் அதே கூற்றுகளை மீண்டும் கொடுத்து அளந்தனர். கூடியிருந்து பேசிய நான்கு பிரிவுகளிலும், வேலையின் மீதுள்ள ஈடுபாடு, மேற்பார்வையாளரைப் பற்றிய கருத்து, தம் குழு வேலையை முடிக்கவல்லது என்னும் நம்பிக்கை முதலியன உயர்ந்திருந்தன. எல்லாப் படியினரும் கலந்துகொண்ட இடங்களில் உயர்வு இன்னும் கூடியதாயிருந்தது. பேசாத இரு பிரிவுகளிலும் ஊழியர் முன்னர் இட்ட புள்ளடிகளையே பெரும்பாலும் மீண்டும் இட்டனர்.